வலையை விட்டு வெளியே

அன்புள்ள ஐயா,

ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் ஜாக் பிளான்ட் பற்றிய கட்டுரையில் அவரை 'ஆட்டத்தையே மாற்றியவர்' என்று எழுதியிருந்தீர்கள். அவர் முகமூடி போட்டார், அவ்வளவுதானே? பைக்காரர் ஹெல்மெட் போட்டால் சாலை மாறிவிடுமா? கோல் போடுகிறவர்கள் ஆட்டத்தை மாற்றலாம். தடுக்கிறவர் எதை மாற்றுவார்?

எம்.

அன்புள்ள எம்.,

ஹெல்மெட் போட்டவனைக் கோழை என்று சிரிக்கும் ஊர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1959இல் ஐஸ் ஹாக்கி அப்படித்தான் இருந்தது. 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வட்டு பறந்து வரும்; கோல்கீப்பர் வெறும் முகத்தோடு நிற்பார். அந்த ஆண்டு நவம்பர் 1, நியூயார்க்கில் எதிரணி வீரர் ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு பிளான்டின் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டு வந்தவர், முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன் என்றார். அவருடைய அணியான மான்ட்ரியலின் பயிற்சியாளர் டோ பிளேக்குக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அன்று அணிக்கு மாற்று கோல்கீப்பர் கிடையாது. வேறு வழியின்றி ஒப்புக்கொண்டார். மான்ட்ரியல் 3-1 என வென்றது. அடுத்த மார்ச்சில் பிளேக் கேட்டுக்கொண்டதால் டெட்ராய்ட்டுக்கு எதிராக ஒருமுறை பிளான்ட் முகமூடியைக் கழற்றி ஆடினார். 3-0 என்று தோல்வி. முகமூடி திரும்பி வந்தது. அந்தப் பருவத்தின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையும் மான்ட்ரியலுக்கே.

ஆனாலும் உங்கள் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. நான் முகமூடியைப் பற்றியே அதிகம் எழுதிவிட்டேன். அது கண்ணில் படுகிற விஷயம், கதை சொல்ல வசதி. பிளான்டின் பெரிய காரியம் வலையை விட்டு வெளியே வந்தது. எதிரணி வட்டை மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்தி வரும். பிளான்டுக்கு முன்பு பெரும்பாலும் கோல்கீப்பர் வேடிக்கை பார்ப்பார், தடுப்பாட்டக்காரர் ஓடிப்போய் அடி வாங்குவார். பிளான்ட் வலைக்குப் பின்னால் போய் வட்டை நிறுத்தி, தன் ஆளுக்குத் தோதாக வைத்துவிட்டு வருவார். எதிரணியின் தாக்குதல் அங்கேயே பிசுபிசுத்துவிடும். சின்ன வயதில் ஆஸ்துமாவால் பனியில் ஓடி ஆட முடியாமல் கோல்கீப்பர் ஆனவர் அவர். அப்படிப்பட்டவர்தான் கோல்கீப்பரை ஓட வைத்தார்!

தடுக்கிறவர் எதை மாற்றுவார் என்று கேட்டீர்கள். விதிகளை மாற்ற வைப்பார். இவர்கள் ஆடிய வட அமெரிக்கத் தொடரான தேசிய ஹாக்கி லீகின் முதல் பருவத்தில் கோல்கீப்பர் பனியில் விழுந்து தடுக்கக் கூடாது. ஒட்டாவாவின் கிளின்ட் பெனடிக்ட் வழுக்கி விழுவதுபோல் விழுந்துகொண்டே இருந்தார். நடுவர்கள் எத்தனை முறைதான் சந்தேகப்படுவது? 1918 ஜனவரியில் லீக் விதியையே தளர்த்தியது. இன்று கோல்கீப்பர்கள் முழங்காலிட்டுக் கால்களை இருபுறமும் விரித்துத் தடுப்பதெல்லாம் அந்த அனுமதியின் பேரில்தான்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. பிளான்ட் தொடங்கிவைத்த வெளிநடையை நியூஜெர்சியின் மார்ட்டின் பிரோடர் மூன்றாவது தடுப்பாட்டக்காரர் என்னும் அளவுக்குக் கொண்டுபோனார். 2005இல் லீக் வலைக்குப் பின்னால் ஒரு சரிவகம் வரைந்தது. கோல் கோட்டுக்குப் பின்னால் அதற்கு வெளியே கோல்கீப்பர் வட்டைத் தொட்டால் தண்டனை. ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர் 'பிரோடர் விதி'. அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது வலைக்குப் பின்னால் பாருங்கள். இரண்டு சாய்ந்த சிவப்புக் கோடுகள் தெரியும்.