412 பதில்களும் ஒரு வாடகை வீடும்

அன்புள்ள சார்,

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வாடகை வீடு கிடைப்பதில் சாதி எவ்வளவு குறுக்கே வருகிறது என்பதுதான் தலைப்பு. கூகுள் ஃபார்மில் 38 கேள்விகள் போட்டு வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினேன். பத்து நாளில் 412 பேர் நிரப்பிவிட்டார்கள். "உங்களுக்கு வீடு இருந்தால் எந்தச் சாதியினருக்கும் வாடகைக்கு விடுவீர்களா?" என்ற கேள்விக்கு 96 சதவீதம் பேர் "ஆம்" என்றிருக்கிறார்கள். வீடு தேடி நான் அலைந்த அலைச்சலுக்கும் இந்த எண்ணுக்கும் ஒட்டவே இல்லை. கைடு, "500 சாம்பிள் வந்தால் போதும், எழுத ஆரம்பித்துவிடு" என்கிறார். ஆன்லைனில் சோதனை முறையிலும் ஆய்வு செய்யலாம் என்று கேள்விப்பட்டேன். புள்ளியியலில் நான் வீக். எங்கிருந்து ஆரம்பிப்பது? ஃபார்மின் லிங்க்கை இணைத்திருக்கிறேன்.

தமிழரசி

அன்புள்ள தமிழரசி,

ஃபார்மைத் திறந்து பார்த்தேன். முதல் கேள்வி பெயர். இரண்டாவது கைபேசி எண். மூன்றாவது சாதி. அதெல்லாம் கொடுத்து முடித்தவரிடம் 31-ஆவது கேள்வியில் "எந்தச் சாதிக்கும் வீடு விடுவீர்களா" என்கிறீர்கள். "மாட்டேன்" என்று டிக் அடித்த 4 சதவீதத்தினரின் தைரியத்தை மெச்சத்தான் வேண்டும்.

500 கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 1936-இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை அதிபர் தேர்தலுக்காக ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். பொருளாதாரம் நொடிந்து கிடந்த காலத்தில் முகவரிகளை டெலிபோன் டைரக்டரியிலும் கார் வைத்திருந்தவர்கள் பட்டியலிலும் எடுத்தது ஒரு காரணம். சீட்டைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்கள் ஒரு மாதிரியான ஆட்களாக இருந்தது இன்னொரு காரணம். அதே தேர்தலில் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு சரியாகச் சொன்னார். உங்கள் 412 பேர் யார்? உங்களுக்கும் உங்கள் நண்பர்களுக்கும் தெரிந்த, ஓய்வாக இருந்த, 38 கேள்விக்கும் பொறுமை இருந்த ஆட்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியதாகச் சொன்ன பெண்கள் மூன்றில் ஒருவர்தான். ஆண்களில் 57 சதவீதம். மாடியை வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே குடியிருக்கும் அறுபது வயது அம்மா உங்கள் குழுக்கள் எதிலும் இல்லை. இன்னும் 88 பேரைச் சேர்த்தாலும் அவர் வரப்போவதில்லை.

ஆனால் மனம் தளர வேண்டாம். சர்வேயாகத் தேறாத ஒரு கூட்டம் சோதனைக்குத் தேறலாம். இது பிடிபட்டால் பாதி படித்த மாதிரி. ஊரில் எத்தனை சதவீதம் பேர் இப்படி நினைக்கிறார்கள் என்று சொல்ல, ஊரிலிருந்து ஆட்களைக் குலுக்கி எடுத்திருக்க வேண்டும். சோதனையில் குலுக்குவது வேறு இடத்தில். வந்தவர் யாராக இருந்தாலும், அவருக்கு எந்தக் கேள்வித்தாள் போகிறது என்பதைக் குலுக்கி முடிவு செய்கிறோம். அப்போது இரண்டு பக்கமும் பணக்காரர், ஏழை, சிடுமூஞ்சி எல்லாரும் ஏறக்குறைய சமமாக விழுவார்கள். பதிலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வந்தால் அது கேள்வித்தாளால் வந்தது.

1981-இல் உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமேனும் வெளியிட்டது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 600 பேரைக் கொல்லக்கூடிய ஒரு நோய். ஒரு கூட்டத்திடம், "இந்தத் திட்டத்தில் 200 பேர் நிச்சயம் பிழைப்பார்கள், அந்தத் திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் எல்லாரும் பிழைப்பார்கள், மற்றபடி யாருமே இல்லை" என்றார்கள். 72 சதவீதம் பேர் நிச்சயத்தைத் தேர்ந்தார்கள். அடுத்த கூட்டத்திடம் அதே கணக்கை, "400 பேர் நிச்சயம் சாவார்கள்" என்று திருப்பிச் சொன்னார்கள். நிச்சயத்தைத் தேர்ந்தவர்கள் 22 சதவீதம். கேட்கப்பட்டவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள்தான். ஊர் முழுக்க 72 என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சொல்லை மாற்றினால் முடிவு மாறும் என்பதை அவர்களை வைத்தே காட்ட முடிந்தது.

உங்கள் தலைப்புக்கு வருவோம். இந்தியாவில் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படியுங்கள். 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். ஒப்பிட்டவற்றில் படிப்பு, தகுதி எல்லாம் ஒன்று, பெயர் மட்டும் வேறு. தலித் என்று தெரியும் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைந்தது. முஸ்லிம் பெயருக்கு இன்னும் குறைந்தது. இதை அப்படியே காப்பியடித்தால் தமிழ்நாட்டில் மாட்டிக்கொள்வீர்கள். வடக்கே பெயரின் வாலிலேயே சாதி தெரிந்துவிடும். நம்மூரில் வாலை வெட்டி இனிஷியல் வைத்துக்கொண்டோம். 'எஸ். குமார்' யார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்? இங்கே வீட்டுக்காரர் கேட்பது "சொந்த ஊர் எது?", "ஊரில் எந்தத் தெரு?", "நீங்க சைவமா?" என்று. உங்கள் சோதனையில் மாற வேண்டியது பெயரல்ல, அந்த வரி. "கணவன் மனைவி, ஒரு குழந்தை, வங்கி வேலை, பத்து மாத அட்வான்ஸ் தயார்" என்று ஒரு குடும்பத்தை நான்கு வரியில் எழுதுங்கள். பாதிப் பேருக்கு அதோடு "சைவம்", பாதிப் பேருக்கு "அசைவம்". "இவர்களுக்கு வீடு விடுவீர்களா" என்று 0 முதல் 10 வரை கேளுங்கள். ஒருவர் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் காட்டினால் உஷாராகிவிடுவார். கேட்பது நிஜமாகவே வீடு விடுகிறவர்களிடம் இருக்கட்டும். வீடே இல்லாத மாணவரின் "இருந்தால்" தாராளமாகத்தான் இருக்கும்.

நேரடியாகவே கேட்க ஆசையிருந்தால் பட்டியல் முறை உண்டு. பாதிப் பேருக்கு வீட்டுக்காரர்களின் சாதாரண நிபந்தனைகள் நான்கு: தண்ணீர்க் கணக்கு, வண்டி நிறுத்துவது, இந்த மாதிரி. மறு பாதிக்கு அதே நான்குடன் ஐந்தாவதாக, "வேறு சாதியினருக்கு விடமாட்டேன்". எதெது என்று சொல்ல வேண்டாம், எத்தனை உங்களுக்குப் பொருந்தும் என்று எண்ணை மட்டும் சொல்லுங்கள் என்கிறோம். முதல் கூட்டத்தின் சராசரி 1.9, அடுத்ததன் சராசரி 2.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 0.4, அதாவது சுமார் 40 சதவீதம் பேர் அப்படி. தனிப்பட்ட யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. இதற்கு ஆள் நிறைய வேண்டும் என்பது மட்டும் சிக்கல்.

எவ்வளவு ஆள் என்பது கைடு சொல்வதல்ல, நீங்கள் தேடும் வித்தியாசம் சொல்வது. 50 சதவீதத்துக்கும் 60 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்க, வழக்கமான கணக்கில், ஒவ்வொரு கூட்டத்துக்கும் 390 பேர் அளவில் தேவை. 50-க்கும் 55-க்கும் என்றால் கூட்டத்துக்கு 1,500-க்கு மேல். வித்தியாசம் பாதியானால் ஆள் நான்கு மடங்கு. எதை ஒப்பிடப் போகிறீர்கள் என்பதை லிங்க் அனுப்பும் முன்பே எழுதிப் பதிந்துவிடுங்கள். ஆய்வுத் திட்டங்களை முன்கூட்டியே பதிய உதவும் ஓஎஸ்எஃப் (OSF) தளத்தில் இலவசம். டேட்டா வந்தபின் கேள்வி தேடுவது எல்லாருக்கும் உள்ள சபலம்.

கூகுள் ஃபார்மில் கேள்வி வரிசையைக் கலைக்கலாம், ஆளைக் குலுக்கிப் பிரிக்க வசதியில்லை. லைம்சர்வே (LimeSurvey) என்ற சர்வே மென்பொருளில் முடியும். கூகுள்தான் என்றால், "உங்கள் கைபேசி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா" என்று கேட்டு இரண்டு பகுதிக்கு அனுப்புங்கள். பிறந்த மாதத்தை வைத்துப் பிரிக்காதீர்கள். நம்மூரில் பாதிப் பெரியவர்களின் பிறந்தநாள், பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் போட்ட மே, ஜூன் மாதத் தேதி!

ஒரு காலத்தில் நான் வீடு வீடாகப் போய் சர்வே எடுத்தவன். மதிய வெயிலில் புளியமரத்தடியில் உட்கார்ந்து பத்து வீட்டுக்கும் தாங்களே நிரப்பிவிடுகிறவர்கள் எங்களில் இருந்தார்கள். காசு கொடுத்து ஆன்லைனில் ஆள் பிடிக்கும்போது இப்போது அந்த வேலையை ஏஐ செய்கிறது, கையெழுத்து இன்னும் அழகாக. கேள்விக்கு நடுவே "இங்கே மூன்றைத் தேர்ந்தெடுங்கள்" என்று கண்ணி வைப்பதெல்லாம் தூங்குகிற மனிதரைத்தான் பிடிக்கும். இருநூறு வீட்டுக்காரர்களை நேரில் பார்த்து, அவர்கள் கையிலேயே டேப்லெட்டைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் அதுவும் கணினிச் சோதனைதான். பெரிய வித்தியாசத்தைத்தான் பிடிக்கும், ஆனால் டேட்டா நம்பும்படி இருக்கும்.

அதற்கு முன் கேள்விகளை ஐந்து பேரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். "உடன்படவுமில்லை, மறுக்கவுமில்லை" என்று உங்கள் ஃபார்மில் பதினெட்டு முறை வருகிறது. அப்படி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

இன்று ராத்திரியே ஒன்று செய்யுங்கள். அந்த ஷீட்டில் 412 பேரின் பெயர், நம்பர், சாதி ஒரே வரிசையில் கிடக்கிறது. லிங்க் இருந்தால் யாரும் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறீர்கள். ஃபார்மின் லிங்க்கோடு அதையும் அனுப்பிவிட்டதால் நானே பார்த்தேன். பகிர்வை மூடிவிட்டு, பெயர், நம்பர் இரண்டு பத்தியையும் அழித்துவிடுங்கள். ஷீட் பழைய பதிப்புகளைச் சேமித்து வைத்திருக்கும், ஃபார்முக்குள்ளும் பதில்கள் தனியாக இருக்கும். அதனால் மீதியை வேறு ஒரு புதிய கோப்பில் நகலெடுத்துக்கொண்டு பழைய ஷீட், ஃபார்மிலுள்ள பதில்கள் இரண்டையும் நீக்குங்கள். கைடுக்கு அனுப்பிய பிரதி இருந்தால் அதையும் கேட்டு வாங்கி அழியுங்கள்.

அன்புடன்.