மழைக்காலத்தில் ஆன்லைன் வகுப்பு: முதலில் போனைக் கணக்கெடுங்கள்

கேள்வி: நான் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியை. போன மழைக்காலத்தில் பள்ளி ஒரு வாரம் மூடியிருந்தபோது, காலை 9 மணி முதல் வழக்கமான பாடவேளைப்படியே ஆன்லைனில் வகுப்பு நடத்தினோம். 40 பேரில் 12 பேர்தான் வந்தார்கள். ஆசிரியர்களும் சலித்துவிட்டார்கள். இந்த முறை என்ன செய்யலாம்?

பதில்: பாடவேளையை மாற்றத்தான் வேண்டும், டீச்சர். அதற்கு முன்னால், எந்த வீட்டில் என்ன போன் இருக்கிறது, அது எத்தனை மணிக்குப் பிள்ளை கைக்கு வரும் என்று இந்த வாரமே வகுப்புவாரியாக எழுதி வாங்குங்கள்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது நானும் தலைமையாசிரியராக இருந்தேன். நீங்கள் செய்ததைத்தான் செய்தேன். ஆகஸ்டில் வீடு வீடாகப் போன் போட்டபோதுதான் புரிந்தது: பல வீடுகளில் ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் காலை 8 மணிக்கே அப்பாவின் சட்டைப்பையில் வேலைக்குக் கிளம்பிவிடும். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் இரவு எட்டே முக்காலுக்குக் கணக்கு நோட்டைப் படமெடுத்து அனுப்புவான். பக்கத்தின் ஓரத்தில் அப்பாவின் கட்டைவிரல் தெரியும். அவனுக்கு வருகைப்பதிவேட்டில் இரண்டு மாதம் ஆப்சென்ட் போட்டிருந்தோம். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

அதனால் நேரலை வகுப்பைக் குறையுங்கள். ஆன்லைன் கல்விக்காக ஒன்றிய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதலே எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் போதும் என்றது. அதில் ஒன்றை மாலை 7 மணிக்கு மேல் வையுங்கள். மற்றப் பாடங்களுக்கு ஐந்து நிமிட வாய்ஸ் மெசேஜ், புத்தகத்தில் ஒரு பக்கம், ஒரு கேள்வி. வீடியோ வேண்டாம், டேட்டா தாங்காது.

புயல் சமயத்தில் கரண்டும் டவரும் சேர்ந்தே போகும். அப்போது கல்வித் தொலைக்காட்சியும் கைகொடுக்காது. வானிலை எச்சரிக்கை வந்த அன்றே, கடைசிப் பாடவேளையில் மூன்று நாள் வேலையைப் பிள்ளைகளின் நோட்டில் எழுதவைத்து அனுப்பிவிடுங்கள்.

ஆசிரியர்களிடம் வகுப்பு நடத்தியதற்கு ஸ்கிரீன்ஷாட் கேட்காதீர்கள். அவர்கள் சலித்துப்போவதற்குப் பாதிக் காரணம் அதுதான். இரவு 9 மணிக்கு மேல் வாட்ஸ்அப் குழுவில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நீங்களே அறிவியுங்கள். நிர்வாகம் கேட்டால் இரண்டு எண்ணிக்கையைக் காட்டுங்கள்: நேரலைக்கு வந்தவர்கள், இரவுக்குள் வேலை முடித்து அனுப்பியவர்கள். இரண்டாவது எண்ணிக்கை எவ்வளவு கூடுதல் என்று அவர்களே பார்க்கட்டும்.

பட்டன் போன் மட்டும் உள்ள பிள்ளைகளுக்குக் கூப்பிட்டுப் பேசுவதுதான் வழி. ஓர் ஆசிரியர் நாளுக்கு ஐந்து பேரிடம், ஆளுக்கு நான்கு நிமிடம் பேசினால் போதும். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லாரும் “புரிஞ்சுது” என்பார்கள். புத்தகத்தைத் திறந்து நான்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள், எங்கே தடுக்குகிறது என்று காதிலேயே தெரிந்துவிடும். பட்டியலில் முதல் ஐந்து பேரை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கூப்பிட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் ஆசிரியர்கள் தயங்க மாட்டார்கள்.