மகன் மன்னிப்புக் கேட்பது இருக்கட்டும், அந்த டின்னை யார் கழுவுகிறார்கள்?

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் அப்பா காலத்திலிருந்து சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். முப்பது வருடமாக வரும் மாமா ஒருவர், இரவுச் சாப்பாடு முடிந்ததும் காக்கி லீமாவில், அதாவது கடை முன்னால் உள்ள நடைபாதையில், போட்டிருக்கும் மேசையில் உட்கார்ந்து ஒரு சிகரெட் பிடிப்பார். காற்றோட்டமான இடம்தான். கடைகளில் புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு சாம்பல் கிண்ணம் வைப்பதில்லை. கேட்பவர்களுக்கு மட்டும் பால் டின்னில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்போம். கடை சாத்தியதும் சின்ன மகள் கழுவி வைத்துவிடுவாள். கோலாலம்பூரில் படிக்கும் என் மகன் லீவில் வந்தபோது, எல்லார் முன்னாலும் மாமாவைச் சத்தம் போட்டுவிட்டான். காசை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனவர் அப்புறம் வரவே இல்லை. பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னால் மகன் மறுக்கிறான். என்ன செய்வது?

பதில்: தம்பி, உங்களைவிட மூத்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன். சின்ன மகளுக்கு என்ன வயது? மாமா எத்தனை வருடமாக வருகிறார் என்று கணக்குச் சொன்ன நீங்கள், அவள் வயதை எழுதவில்லை.

கடை சாத்தும் வரை ஊறிய அந்த டின்னை ஒரு நாளாவது கையில் எடுத்திருக்கிறீர்களா? தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் இருக்கும். பஞ்சுத் துண்டுகள் ஊதிப்போய் மிதக்கும். கவிழ்த்தாலும் அடியில் ஒட்டிய சாம்பல் வராது, விரலை விட்டுத்தான் வழிக்க வேண்டும். சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் அந்த நாற்றம் நிற்கும். நிகோட்டின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். மறுநாள் காலையில் அதே கையோடு பள்ளிக்கூடம் போகிறாள் உங்கள் பெண்.

சாம்பல் கிண்ணத்தை எடுத்துவிட்டு டின்னைக் கொண்டுவந்தீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். தெரியாமல் செய்பவர் கிண்ணத்தை அப்படியே விட்டிருப்பார். நீங்கள் தெரிந்தே மறைத்தீர்கள். திறந்தவெளிக் கடைகள் உட்பட எல்லாச் சாப்பாட்டுக் கடைகளிலும் 1 ஜனவரி 2019 முதல் புகைக்கத் தடை. பிடிப்பவர் மூன்று மீட்டராவது தள்ளிப் போக வேண்டும். உங்கள் காக்கி லீமாவும் அதில் அடக்கம். எதிர்த்துப் போட்ட வழக்கையும் அதே வருடம் உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அக்டோபர் 2024-இல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் புகைத்தவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். கடைக்காரருக்கும் பொறுப்பு உண்டு. வியாபாரம் படுத்துவிடும் என்று அன்று புலம்பாத ஆள் இல்லை. இன்றைக்கும் பந்தாட்டம் இருக்கும் ராத்திரி, மமாக் என்று சொல்லும் இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளில் நாற்காலி கிடைக்கிறதா பாருங்கள்.

சட்டத்தை விடுங்கள். பெரியவருக்கு மரியாதை வேண்டும் என்கிறீர்கள், வேண்டும்தான். ஆனால் அந்த மரியாதைக்கான கூலியை வீட்டிலேயே சின்னவள் தலையில் கட்டினால், அப்பன் என்று எதற்கு இருக்கிறீர்கள்? மாமாவிடம் "கொஞ்சம் வெளியே போய்ப் பிடிங்க" என்று சொல்ல உங்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தைத்தான் அவள் தினமும் கழுவுகிறாள்.

உங்கள் மகனையும் நான் தூக்கி வைத்துப் பேசப்போவதில்லை. சொன்ன விஷயம் சரி, சொன்ன விதம் சரியில்லை. லீவில் வந்து ஊருக்கு நியாயம் பேசியவன், தங்கச்சி கையிலிருந்து அந்த டின்னை ஒரு ராத்திரியாவது வாங்கினானா? கேளுங்கள்.

சத்தம் போட்டதற்கு மட்டும் அவன் மன்னிப்புக் கேட்கட்டும். ஆனால் முதலில் மாமா வீட்டுக்குப் போக வேண்டியவர் நீங்கள். ஒரு தே தாரிக்கை, அதான் இழுத்து ஆற்றிய பால் தேநீரை, பொட்டலம் கட்டிக்கொண்டு போங்கள். மகன் பேச்சை அப்புறம் எடுக்கலாம். "முதல் நாளே நான் சொல்லியிருக்கணும் மாமா" என்று ஆரம்பியுங்கள். முப்பது வருடம் உங்கள் கையால் சாப்பிட்டவர், சாலையோரம் வரை பத்தடி நடக்க மாட்டாரா?

புறப்படும் முன் அந்த டின்னைக் குப்பையில் போடுங்கள். நீங்களே போடுங்கள், அவளைக் கூப்பிடாதீர்கள்.