மூழ்கிய மோட்டாரைக் காயவைக்கும் முன் கழுவுங்கள்

கேள்வி: கடலூர் குண்டு உப்பலவாடியில் இருக்கிறோம். தென்பெண்ணை வெள்ளத்தில் எங்கள் அரை எச்.பி. மோனோபிளாக் மோட்டார் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தது. மூன்று நாள் வெயிலில் வைத்துவிட்டோம். இனி போட்டுப் பார்க்கலாமா? மெக்கானிக்கோ, திறந்துகூடப் பார்க்காமல் ‘காயில் கட்டணும்’ (புதுக் கம்பி சுற்றணும்) என்கிறார்.

பதில்: போடாதீர்கள். தண்ணீரில் நனைந்ததால் மட்டும் காயில் எரிந்துவிடாது. ஈரத்தோடு கரண்ட் கொடுத்தால்தான் எரியும். ‘ஒரு செகண்ட் போட்டுப் பார்ப்போமே’ என்று பலர் மோட்டாரை இழப்பது இப்படித்தான். பாடியில் கரண்ட் இறங்கினால் தொடுகிறவருக்கும் ஆபத்து. உங்கள் மெக்கானிக்கும் அவசரப்படுகிறார்.

வெயில் வெளியே காயவைக்கும், உள்ளே போகாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டி வந்த வெள்ளத்துக்குப் பிறகு நான் திறந்த மோட்டார்களில், ஸ்டேட்டர் (காயில் சுற்றியிருக்கும் அசையாத பகுதி) இடுக்கெல்லாம் சந்தனம் அப்பியது போல வண்டல். அந்த வண்டல் ஈரத்தை விடவே விடாது. அதனால் முதல் வேலை, கேட்க வேடிக்கையாக இருந்தாலும், மறுபடி நனைப்பதுதான். மெயினை அணைத்து, ஒயரைக் கழற்றி, மோட்டாரைப் பிரித்து, நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவச் சொல்லுங்கள். பழைய நகரப் பக்கம் உப்பனாற்றுத் தண்ணீர் ஏறிய வீடுகளில் இதைத் தவிர்க்கவே கூடாது. உப்பு தங்கினால் காய்ந்த பிறகும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பிறகு உலர்த்தல். காயில் கட்டி வார்னிஷ் அடிக்கும் கடைகளில் ஓவன் இருக்கும். 80 டிகிரி சுமாருக்கு வைத்தால் போதும். ஓவன் இல்லையென்றால் தகர டிரம்முக்குள் 100 வாட் குண்டு பல்பு, காயிலில் படாமல், ஆவி வெளியேற இடைவெளி விட்டு, ஒரு முழு நாள். எல்.இ.டி. பல்பில் சூடு வராது. ஹேர் டிரையரெல்லாம் மனத் திருப்திக்குத்தான்.

ஆறியதும் 500 வோல்ட் மெக்கர் (கரண்ட் கசிவைத் தடுக்கும் இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைத்து, காயிலுக்கும் பாடிக்கும் நடுவே பார்க்கட்டும். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். உலர்த்தும்போது நடுவில் அளவு இறங்கினால் பயப்பட வேண்டாம்; சூட்டில் முதலில் இறங்கி, ஈரம் போகப் போக ஏறும். இரண்டாவது முறை உலர்த்தியும் ஏறாவிட்டால் கட்டத்தான் வேண்டும். அப்போது எடை போட்டு, பழைய தாமிரத்தின் விலையைக் கூலியில் கழிக்கச் சொல்லுங்கள்.

பேரிங், கண்டென்சர் இரண்டையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். பம்புத் தண்ணீர் மோட்டாருக்குள் போகாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் கசிந்தால் அதையும். முதல் ஓட்டத்துக்கு முன் எர்த் ஒயரைச் சரிபார்த்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகவே லைன் கொடுங்கள்.

போர்வெல் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீருக்குள் இருக்கவே செய்தது. மூழ்கிக் கெடுவது மேலே இருக்கும் பேனல் பெட்டி. ஆனால் போர்வெல்லுக்குள் வெள்ளம் இறங்கியிருந்தால் குளோரின் போட்டு இறைத்து, பரிசோதிக்கும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

சுவரில் வெள்ளக் கறை இன்னும் இருக்கும். வெள்ளையடிப்பதற்கு முன் அளந்து, சுவிட்ச் பெட்டியை அதற்கு ஓரடி மேலே ஏற்றிவிடுங்கள். மோட்டாரை அவ்வளவு உயர்த்த இடமில்லையென்றால் பைப்பில் இரண்டு பக்கமும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) போடுங்கள். அடுத்த முறை அணை திறக்கிறார்கள் என்றதும் மெயினை அணைத்து, கழற்றி மாடிக்குத் தூக்கிவிடலாம்.