அம்மாவுக்கு வெந்நீர்க் குளியல், எந்த மாதம்?

கேள்வி: முழங்கால் வலியுள்ள அம்மாவை டிசம்பர் பள்ளி விடுமுறையில் இத்தாலியின் இஸ்கியா தீவுக்கு வெந்நீர் ஊற்றுக் குளியலுக்கு அழைத்துப் போகலாமா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: தீவு சரி, மாதம்தான் சரியில்லை. அங்குள்ள பெரிய வெந்நீர்ப் பூங்காக்கள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மே கடைசி அல்லது செப்டம்பருக்கு மாற்றுங்கள்.

தீவுக்குப் போகும் வழியில், துறைமுக நகரமான நேப்பிள்ஸில் படகு பிடிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். விரைவுப் படகு மோலோ பெவெரெல்லோ துறையிலிருந்து கிளம்பும். பயணம் சுமார் ஒரு மணி நேரம். ஆனால் கடல் கொந்தளித்தால் முதலில் ரத்தாவது அதுதான். அப்போது கலாத்தா போர்த்தா தி மாஸ்ஸா துறைக்குப் போய், கார் ஏற்றும் பெரிய கப்பலைப் பிடியுங்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆட்டம் குறைவு, அம்மாவுக்கு அதுவே நல்லது. ஊர் திரும்பும்போது, படகு ரத்தாகி விமானத்தைத் தவறவிடாமல் இருக்க, முந்தின இரவே நேப்பிள்ஸ் வந்துவிடுங்கள்.

வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். 36 பாகை செல்சியஸ் சூடுள்ள குளத்தில் 10 நிமிடம் போதும். பிறகு கைப்பிடியைப் பிடித்து மெல்ல ஏறி, தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் படுக்கட்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கிளம்புமுன் மருத்துவரைக் கேட்டே ஆகவேண்டும். வெள்ளிக் கொலுசு வேண்டாம், கந்தக நீர் பட்டால் கறுத்துவிடும்.