கேள்வி–பதில்: ஒழுங்கைக் குலைக்கும் மந்திரம்

கேள்வி: நாங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் சாகச ஆட்டத்தை நான்தான் நடத்துகிறேன். அதில் முக்கிய எதிரி, ஒழுங்கைக் குலைக்கும் ஒரு மந்திரவாதி. அவனுக்காக மெனக்கெட்டு நூறு வரி அட்டவணை எழுதினேன். ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்டி, வந்ததை நடத்தினேன். ஒரு முறை எல்லோருக்கும் நீலத் தாடி முளைத்தது, ஒரு முறை தவளை மழை. மூன்றாவது சுற்றிலேயே ஆட்டக்காரர்களுக்குச் சலித்துப்போனது. ஏன்?

பதில்: தாடிக்கும் தவளைக்கும் நடுவில் ஒரு தொடர்பும் இல்லையே. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வழியில்லை என்றால் யோசிப்பதற்குக் காரணமும் இல்லை. ஆட்டக்காரருக்குச் சொந்தமானது அவர் எடுக்கும் முடிவு மட்டும்தான். அது எதையும் மாற்றப்போவதில்லை என்று தெரிந்ததும் சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

குலைவு உறைக்க வேண்டுமானால், குலைவதற்கு முன் அங்கே என்ன ஒழுங்கு இருந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் நடத்திய ஒரு சண்டையைச் சொல்கிறேன். இடம் ஒரு பழைய விதைக் களஞ்சியம். சுவர் முழுக்க மண் ஜாடிகள், ஒவ்வொன்றிலும் ஒரே வகை விதை, கழுத்தில் கட்டிய பெயர்ச்சீட்டு. அதைக் காக்கும் கிழவிக்கு ஒரு விதை இடம் மாறினாலும் தெரிந்துவிடும். இதையெல்லாம் அவசரப்படாமல் காட்டினேன். அவர்களையே ஒரு குறிப்பிட்ட விதையைத் தேடி எடுக்கவும் வைத்தேன். அப்புறம்தான் எதிரியான ஒரு ஜந்து உள்ளே வந்தது. அதற்கு இருந்தது ஒரே சக்தி: பிரித்து வைத்ததைக் கலந்துவிடும்.

முதல் சுற்றில் விதைகள். ஒரு ஜாடிகூட உடையவில்லை, ஆனால் எல்லா ஜாடியிலும் எல்லா விதையும் இருந்தது. இரண்டாவது சுற்றில் வெளிச்சமும் இருட்டும் கலந்தன. விளக்கு எரிகிறது, ஆனாலும் அறை முழுக்க ஒரே சாம்பல் மங்கல், எங்கும் நிழல் இல்லை. நிழலில் பதுங்கிக் குத்துவதையே தொழிலாக வைத்திருந்த திருடனுக்குப் பதுங்க இடமில்லாமல் போனது. மூன்றாவதில் சூடும் குளிரும் கலந்தன. நெருப்பு மந்திரம் வெதுவெதுப்பாகப் போய் விழுந்து பாதிச் சேதம்தான் செய்தது, பனி மந்திரத்துக்கும் அதே கதி. நான்காவதில் உன்னுடையது, என்னுடையது. ஒவ்வொருவரும் தங்கள் பொருட்களில் ஒன்றைச் சீட்டில் எழுதி இடப்பக்கம் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். மந்திரக்கோல் வாள்வீரனிடம் போனது, வாள் வைத்தியரிடம். ஐந்தாவதில் யார் முதலில், யார் அடுத்து என்ற வரிசையே கலைந்தது. அதிலிருந்து சுற்றுக்குச் சுற்று பெயர்ச்சீட்டுகளைக் குலுக்கித்தான் முறை வந்தது.

இரண்டாவது சுற்று முடிந்ததும் ஒருவர், "அப்போ அடுத்து நம்ம பைகளையும் கலந்துவிடுமோ?" என்று கேட்டார். நீங்கள் காத்திருக்க வேண்டியது இந்தக் கேள்விக்காகத்தான். விதி பிடிபட்டுவிட்டது, பயமும் வந்துவிட்டது, இனி அவர்களே திட்டம் போடுவார்கள்.

எதிர்க்க ஒரு வழியும் கொடுங்கள். என் களஞ்சியத்தில், ஒருவர் தன் முறையைச் செலவழித்துக் கலந்த ஒன்றைத் திரும்பப் பிரித்து வைத்தால் குலைவு ஒரு படி பின்வாங்கும். ஆனால் அதற்கு விலை உண்டு. இந்த யோசனையை எனக்குக் கொடுத்தது இயற்பியல். 1865இல் ருடால்ஃப் கிளாசியஸ் என்ட்ரோபி என்று பெயர் வைத்தாரே, எளிதாகச் சொன்னால் குலைவின் அளவு, அது வெளித்தொடர்பே இல்லாத ஓர் அமைப்பில் குறையவே குறையாது. ஓரிடத்தை ஒழுங்குபடுத்தலாம், அதற்கான விலையை இன்னோரிடம் கட்டித்தான் ஆக வேண்டும். அதனால் ஒரு ஜாடியைச் சரிசெய்தால் யாரோ ஒருவருடைய கயிறு இற்றுப்போகும், தீப்பந்தம் அணையும், மருந்து தண்ணீராகும். எதைக் கொடுப்பது என்பதை ஆட்டக்காரர்களே தீர்மானிக்க வேண்டும். கடைசித் தீப்பந்தத்தைக் கொடுத்து வெப்பத்தைத் திரும்ப வாங்குவதா என்று மேசையில் பெரிய வாக்குவாதமே நடந்தது. அந்த நேரத்தில் ஜந்துவை யாரும் அடிக்கக்கூட இல்லை. ஆனாலும் அன்றைய ஆட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதுதான்.

உங்கள் நூறு வரிகளைத் தூக்கிப் போட வேண்டாம். அவற்றில் ஒரே குணத்தின் வெவ்வேறு முகங்களாக இருப்பவற்றைப் பொறுக்கி எடுங்கள். ஆறு தேறினால் ஒரு சண்டைக்குத் தாராளம்.

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற சாகச ஆட்டத்தில் நான் ஆடுவது கட்டுக்கடங்கா மந்திரம் கொண்ட சார்சரர், அதாவது மந்திரவாதிப் பாத்திரம். மந்திரம் போடும்போது சில சமயம் எதிர்பாராத விபரீதம் வெடிக்க வேண்டும். ஆனால் பல வாரமாக ஆடியும் ஒன்றுகூட நடக்கவில்லை. என் பகடை ராசி அப்படியா?

பதில்: ராசி இல்லை, கணக்குதான். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, நீங்கள் முதல் நிலை அல்லது அதற்கு மேற்பட்ட மந்திரம் ஒன்றைப் போட்டதும் டன்ஜன் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், உங்களை இருபது பக்கப் பகடை உருட்டச் சொல்லலாம். 1 விழுந்தால்தான் என்ன விபரீதம் என்று சொல்லும் அட்டவணைக்குப் போவீர்கள். அதாவது தடவைக்கு 5 சதவீத வாய்ப்பு. பத்து முறை உருட்டியும் ஒன்றும் நடக்காமல் போக ஏறக்குறைய 60 சதவீத வாய்ப்பு இருக்கிறது. போதாததற்கு, "சொல்லலாம்" என்றுதான் விதியில் இருக்கிறது. மாஸ்டர் மறந்துவிட்டால் அந்த உருட்டலும் கிடையாது.

உங்கள் மாஸ்டரிடம் ஒரு சின்ன மாற்றம் கேட்டுப் பாருங்கள். முதல் மந்திரத்துக்கு 1 விழுந்தால் விபரீதம், இரண்டாவதற்கு 1 அல்லது 2, மூன்றாவதற்கு 3 வரை, இப்படியே ஏறட்டும். வெடித்ததும் மறுபடி 1. இந்த முறையில் ஐந்தாவது மந்திரத்துக்குள் வெடிக்கும் வாய்ப்பு 56 சதவீதம். அதைவிட முக்கியம், அழுத்தம் ஏறுவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நாலு வரை ஏறிய பிறகு, நண்பன் விழுந்து கிடக்கும்போது, இன்னொரு மந்திரம் போடலாமா என்று நீங்கள் தயங்குவீர்கள் பாருங்கள், அந்தத் தயக்கத்துக்காகவே இந்தப் பாத்திரத்தை எடுக்கலாம். ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அந்த அட்டவணையில் உங்களையே மையமாக வைத்து வெடிக்கும் நெருப்புக்கோளமும் உண்டு. கீழ் நிலையில் இருக்கும் குழுவை அது மொத்தமாகக் காலி செய்துவிடும்.

கேள்வி: குலைவு என்றாலே தீமைதானா?

பதில்: இல்லவே இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் முதலில் வந்தபோது பாத்திரங்களுக்கு இருந்த சார்புகள், அதாவது அவர்கள் எந்தப் பக்கம் சாய்பவர்கள் என்பதற்கான வகைகள், ஒழுங்கு, நடுநிலை, குலைவு என்ற மூன்றுதான். நன்மையும் தீமையும் தனி அச்சாகச் சேர்ந்து ஒன்பது வகை ஆனது அதே பத்தாண்டின் இறுதிக்குள். அதனால் ஒழுங்கான கொடுங்கோலனும் உண்டு, குலைவான நல்லவளும் உண்டு. ஒரு ராஜ்யத்தில் அடிமைப் பத்திரங்களின் மை மட்டும் எழுத்து எழுத்தாகக் கலைந்துபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மந்திரத்தைத் தடுக்க உங்கள் நாயகர்களுக்குக் கூலி பேசுகிறார்கள். எந்தப் பக்கம் நிற்பார்கள்?

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் கூட்டாளிகளிடமே திருடுகிறார். கேட்டால், "என் பாத்திரம் குலைவுச் சார்பு, அப்படித்தான் நடந்துகொள்ளும்" என்கிறார்.

பதில்: இது மந்திரத்தில் தீர்கிற சிக்கல் இல்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரிடம் நேரில் பேசுங்கள். மேசையில் இருப்பவர்களின் சந்தோஷத்தைக் கெடுக்க எந்தச் சார்பும் அனுமதி தருவதில்லை.

கேள்வி: என் குழுவில் ஒருவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டு ஆடுபவர். பொருட்களைப் பட்டியல் போட்டு, வண்ணம் தீட்டி வைத்திருப்பார். குலைவு மந்திரம் அவரை வாட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்களுக்கு இந்த அக்கறை இருப்பது நல்லது. அந்தப் பட்டியலில் அவருடைய அன்பு இருக்கிறது, அதைக் கிழித்துப் போடக்கூடாது. பொருட்கள் கைமாறக்கூடிய சண்டை வருகிறதென்றால் ஆட்டத்துக்கு முன்பே அவரிடம் தனியாகச் சொல்லுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சம்மதித்தால், கைமாறக் கூடாத பொருள் ஒன்றை ஒவ்வொருவரும் முதலிலேயே அறிவித்துக்கொள்ளட்டும். பாத்திரத்தின் விவரங்கள் எழுதிய தாளில் கை வைக்காமல் மாற்றங்கள் தனிச் சீட்டில் மட்டும் நடக்கட்டும். என் அனுபவத்தில், பிரித்து அடுக்குவதுதான் எதிர்ப்பு என்று விதி இருக்கும் சண்டையில் இவரைப் போன்றவர்கள்தான் குழுவுக்கே தலைமை ஏற்கிறார்கள். எந்த ஜாடி எங்கே இருந்தது என்பது அவருக்குத்தான் நினைவிருக்கும். முதல் சுற்றுக்கு முன்பே களஞ்சியத்தின் வரைபடத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.