மாநகராட்சிக்கு மனை தானம்: நிபந்தனையை எப்படி எழுதுவது?

அம்மா பெயரிலுள்ள 4 சென்ட் மனையைப் பூங்காவுக்காக மாநகராட்சிக்குக் கொடுத்தால், பின்னால் வேறு எதையாவது கட்டிவிடுவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம். வெறும் கடிதம் கொடுத்தால் அதற்குப் பாதுகாப்பே இல்லை.

முதலில் ஆணையருக்கு மனு. கூடவே பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்பட (நில அளவை வரைபட) நகல். மனையை ஏற்பதாக மாநகராட்சி மன்றத் தீர்மானம் வந்த பிறகு தானப் பத்திரம் எழுதுங்கள். இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்தே ஆகவேண்டும். அம்மா உயிரோடு இருக்கும்போதே மாநகராட்சி ஏற்க வேண்டும், இல்லையென்றால் தானம் செல்லாது. பலர் தவறுவது இங்கேதான், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

நிபந்தனை வாசகத்தில் மிகக் கவனம் தேவை. "விரும்பும்போது திரும்ப எடுத்துக்கொள்வேன்" என்று எழுதினால், சொத்துரிமை மாற்றுச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி தானமே செல்லாது. "பூங்கா தவிர வேறு உபயோகத்துக்கு மாற்றினால் மனை வாரிசுகளுக்குத் திரும்பும்" என்பதுபோல, கொடுப்பவர் விருப்பத்தைச் சாராத நிகழ்வாக எழுதுங்கள். பூங்காவில் அப்பா பெயரில் பலகை வைக்க விரும்பினால், அதையும் தீர்மானத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தை அதிகாரி மாறியதும் போய்விடும்.

பூங்கா வேலைக்கும் பணம் தருவதாக இருந்தால் மக்கள் பங்களிப்போடு பணிகள் செய்யும் தமிழக அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தில் கேளுங்கள். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது, மீதி அரசு தரும்.